ஒரு ஜோடியின் எடை

— கூடையில விழுந்தது விழுந்ததுதான், சார். எரிஞ்ச தீக்குச்சியைத் திரும்ப உரச முடியுமா?

— இல்ல மேடம், இன்னும் அரைக்கலைன்னு வாசல்ல இருக்கறவர் சொன்னாரு. மூணு மணிக்குத்தான் அரவையாமே.

— வாசல்ல இருக்கறவருக்கு வாய் ஒண்ணுதான் வேலை. மணி இப்போ ரெண்டே கால். அப்புறம், மேடம்னு கூப்பிடாதீங்க. யாரோ ஆபீசர் வந்துட்டாங்களோன்னு பின்னாடி திரும்பிப் பார்க்கத் தோணுது.

— சரிக்கா. ஒரே ஒரு ஜோடி ஷூ. எங்க அப்பாவோடது. அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மா தெரியாம உங்க கம்பெனிப் பெட்டியில போட்டுட்டாங்க.

— பெட்டி எதுக்கு வெச்சிருக்கோம்? போடத்தானே. பழைய ஜோடியைப் போட்டா புது ஜோடி வீட்டுக்கு வரும். பழசு இந்த மேஜைக்கு வரும். மேல்துணி தனி, அடி தனின்னு பிரிச்சு, அடியை அரைச்சு, அதே ரப்பர்ல அடுத்த ஷூ செய்வாங்க. அரைச்ச பிறகு எது யார் அப்பாவோடதுன்னு கடவுளாலகூடச் சொல்ல முடியாது.

— அதனாலதான்க்கா ஓடி வந்தேன். ரெண்டு பஸ் மாறி வந்தேன்.

— அக்கோவ்! மெஷின் பசிக்குதுன்னு கத்துது! கூடையைத் தள்ளு!

— இருடா! மூணு மணிக்கு முன்னாடி என்ன பசி அதுக்கு?

— யாருக்கா அது?

— அரவைக்காரன். அந்தப் பக்கம் மெஷின்கிட்ட உட்கார்ந்திருப்பான். உலகத்துல எதைப் பார்த்தாலும் அவனுக்குத் தூளாத்தான் தெரியும். பாருங்க தம்பி, உங்களை அலைக்கழிக்க எனக்கு ஆசையில்ல. காலையில உள்ளே வந்த எடையும் சாயந்திரம் இங்கேயிருந்து போற எடையும் ஒண்ணா இருக்கணும். ஒரு ஜோடி குறைஞ்சாலும் தலைமை ஆபீஸ்ல சிவப்பு விளக்கு எரியும். இருபத்திரெண்டு வருஷமா என் மேஜையில எரிஞ்சதில்ல.

— எடைக்கு எடை வேற ஏதாவது போட்டா?

— போன வருஷம் ஒருத்தன் அரைச் செங்கல்லைப் போட்டான். மெஷினுக்கு ஒரு பல் போச்சு. சரி, வேற ஷூ இருந்தா போடலாம். முதல்ல இருக்கான்னு பார்ப்போம். ஜோடி நம்பர் தெரியுமா?

— தெரியும்க்கா. எழுதி வெச்சிருக்கேன். ஏழு, நாலு, நாலு, ஒண்ணு.

— அந்த ஜோடியைத் தர முடியாது.

— இல்லக்கா, இப்போதானே பார்ப்போம்னு சொன்னீங்க?

— பார்க்க வேண்டியதில்ல. காலையில என் கையாலதான் கூடையில போட்டேன். அடியில கிடக்கு. தோண்ட முடியாது.

— நான் தோண்டறேன்க்கா.

— உங்களுக்கு எதுக்கு அது? ஷூ வேணும்னா உங்க அப்பாவை வரச் சொல்லுங்க. அவர் ஜோடியை அவரே வந்து கேட்கட்டும். வர மனசிருந்தா.

— இல்ல… அவர் தவறிட்டாருக்கா.

— என்ன?

— ஜூன் மாசம். ராத்திரி தூக்கத்துல. நான் இருக்கற ஊர்லேருந்து இங்கே வரவே ரெண்டு நாள். வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது. அப்போ சாவியைக் கொடுத்துட்டு உடனே திரும்பிட்டேன். இப்போ அறையைக் காலி பண்ண வந்தா, வீட்டுக்காரம்மா முந்திக்கிட்டாங்க. துணி, கட்டில், பாத்திரம் எல்லாம் யார் யாருக்கோ போயிருச்சு. தினம் அவர் உடம்புல இருந்ததுன்னு மிச்சம் இது ஒண்ணுதான்.

— ஜூன்லயா?

— ஆமாக்கா. அக்கா, அப்பாவை உங்களுக்குத் தெரியுமா?

— அந்த ஸ்டூல்ல உட்காருங்க. ஒரு கால் ஆடும், சுவத்துல சாய்ஞ்சுக்குங்க… அடியிலதான் போட்டேன். எங்கே போயிடும்… இதோ. இதுதான்.

— சாம்பல் நிறம்… ஆமாக்கா, போட்டோவுல பார்த்திருக்கேன். எவ்வளவு நைஞ்சிருக்கு!

— அவரை எனக்குத் தெரியாது தம்பி. அவர் காலைத் தெரியும். இதோட ஒன்பது ஜோடி. ஒன்பதும் இந்த மேஜைக்குத்தான் வந்தது.

— காலைத் தெரியும்னா?

— பிரிக்கறது மட்டும் என் வேலையில்ல. அடி எங்கே தேய்ஞ்சிருக்கு, எங்கே விரிஞ்சிருக்குன்னு படிச்சு, ஷூவை வரையறவங்களுக்கு எழுதி அனுப்பணும். அதை வெச்சுத்தான் அடுத்த ஷூவைத் திருத்துவாங்க. படிச்சுப் படிச்சு ஆளே தெரிய ஆரம்பிச்சுடும். உங்க அப்பா முதல் ரெண்டு வருஷம் ஒரே இடத்துல நின்னு திரும்பற வேலை பார்த்தாரு. அடியில நடுவுல வட்டம் வட்டமா தேய்ஞ்சிருக்கும்.

— லிஃப்ட் ஓட்டினாருக்கா! பதினோரு மாடிக் கட்டடம்.

— அப்படியா! நான் துணிக்கடைன்னு நினைச்சிருந்தேன். நாள் பூரா மேலேயும் கீழேயும் போவாரு, ஒரு அடி நடக்க மாட்டாரு. நல்ல வேலைதான்.

— அப்புறம் தானா இயங்கற லிஃப்ட் வந்துடுச்சு. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

— மூணாவது ஜோடியில வட்டம் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஒரே வழி, ஒரே நடை. வலது கையில எடை குறைஞ்ச பை. ஒருத்தருக்கு மட்டும் வாங்கற பை. ரெண்டு பேருக்கு வாங்கினா வலது ஓரம் இன்னும் தேய்ஞ்சிருக்கும்.

— அவர் அந்த அறைக்கு வர்றதுக்கு முன்னாடியே அம்மா போயிட்டாங்கக்கா.

— ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல. நாலு, அஞ்சு, ஆறாவது ஜோடியில ரெண்டு காலும் முன்பாதம் மட்டும் தனியா தேய்ஞ்சிருந்தது. நுனிக்கால்ல நின்னு நின்னு வர்ற தேய்மானம். இந்த வயசுல என்னத்தை இப்படி எட்டி எட்டிப் பார்க்கறாருன்னு யோசிப்பேன்.

— இல்ல… பார்க்கலக்கா. அந்த அறையில போன் சரியா எடுக்காது. ஜன்னல் மேல்கம்பிகிட்ட தூக்கிப் பிடிச்சாத்தான் கேட்கும். ஞாயித்துக்கிழமை நான் கூப்பிடுவேன். நுனிக்கால்ல நின்னுக்கிட்டேதான் பேசுவாரு.

— ஓ.

— அரை மணி நேரம் பேசுவோம். சில நாள் ஒரு மணி நேரம்.

— ஏழாவது ஜோடியில அந்தத் தேய்மானம் இல்ல. நான் கால் வலி சரியாயிடுச்சுன்னு எழுதி அனுப்பினேன்.

— இல்லக்கா, வேலை மாறிடுச்சு. இங்கே காலைன்னா அங்கே… இல்ல, அதெல்லாம் சும்மா. கூப்பிடல. அவ்வளவுதான்.

— நீங்க எதுக்கெடுத்தாலும் ‘இல்ல’ன்னுதான் ஆரம்பிக்கறீங்க.

— இல்ல… அப்படியாக்கா?

— அவரும் அப்படித்தான். திரும்பி வர்ற ஒவ்வொரு ஜோடியோடவும் ஒரு சீட்டு இருக்கும். ‘ஷூவில் குறை ஏதும் உண்டா?’ன்னு அச்சடிச்சிருப்போம். எல்லாரும் வெறுமனே கிறுக்கி அனுப்புவாங்க. இவர் முதல் வருஷம் எழுதினாரு: ‘இல்லை. ஆனால் இடது ஷூ கீச்சென்று சத்தம் போடுகிறது. அறையில் வேறு சத்தம் இல்லாததால் பெரிதாகக் கேட்கிறது.’

— அவர் எழுத்து அப்படியே கண்ணுல தெரியுதுக்கா. குட்டிக் குட்டியா இருக்கும்.

— எறும்பு வரிசை மாதிரி. அதை மேலே அனுப்பினேன். அவங்க பசையை மாத்தினாங்க. நெசமாவே ஒரு மாடல் பூரா மாத்தினாங்க. அடுத்த வருஷம் சீட்டுல என்ன எழுதினாரு தெரியுமா? ‘இல்லை. சத்தம் அடியோடு நின்றுவிட்டது. கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம்.’

— அடக் கடவுளே.

— சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு ரெண்டு நாள் வேலை ஓடல. இதை மேலே அனுப்பினா பைத்தியம்பாங்க. அவருக்குப் புது ஜோடி பக்கத்து அறையிலேருந்துதான் போகும். நான் எடுத்து, இடது ஷூவுல பாதம் படற உள்தகட்டுக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதத்தை மடிச்சு வெச்சேன். காகிதம் தகட்டுல உரசினா கீச்சுங்கும்.

— நீங்களேவா?

— வெறும் காகிதம் வைப்பானேன்னு ஒரு வரி எழுதினேன். ‘மிச்சம் வைத்திருக்கிறேன்.’ அதுக்கு அடுத்த வருஷச் சீட்டுல பதில் வந்தது. அப்புறம் நான். அப்புறம் அவரு. வருஷத்துக்கு ஒரு வரி அங்கே, ஒரு வரி இங்கே.

— இத்தனை வருஷமாவா!

— எண்ணிப் பார்த்தா ஒரு பக்கம்கூட வராது. வீட்டுக்குப் போனா நானும் சுவரும்தான் தம்பி. அந்த ஒரு வரியைப் பதினோரு மாசம் வெச்சுச் சாப்பிடலாம்.

— அப்போ இந்த ஜோடியிலயும் காகிதம் இருக்குமா? தகட்டைத் தூக்கிப் பார்க்கட்டுமா?

— வேண்டாம். அது இருக்காது. கிழிச்சுப் போட்டிருப்பாரு.

— இல்லக்கா, இருக்கு. இதோ. மடிப்புல நைஞ்சிருக்கு… ‘ஏப்ரல் முதல் ஞாயிறு, நாலு மணி, படகுத்துறை. அடையாளம் எதுவும் வேண்டாம். நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். மேஜை ஆறு.’ மேஜை ஆறுன்னா?

— மேலே பலகையைப் பாருங்க.

— ஆறு… நீங்க.

— இப்படிக் கொடுங்க அதை. படிச்சுட்டுத் திரும்ப அங்கேயே வெச்சிருக்காரு. சத்தம் கேட்கட்டும்னு வெச்சிருப்பாரு போல.

— போய்ப் பார்த்தீங்களா?

— சும்மா ஆபீஸ் விஷயம்தான். குறையெல்லாம் நேர்லயே விவரமா கேட்டு எழுதிக்கலாம்னு—

— ஆபீஸ் விஷயமாம்! அக்கோவ், புதுச் செருப்பு வாங்கிப் போட்டுட்டுப் போன ஆபீஸ் விஷயம்!

— உன் காதுல ஒரு கூடை ரப்பர் தூளைக் கொட்ட! மெஷின் சத்தத்துலயும் இது மட்டும் கேட்குது பாருங்க அவனுக்கு.

— அக்கோவ், யார்கிட்ட பேசிட்டிருக்க, அந்த வராத ஆளைப் பத்தியா?

— நீ உன் வேலையைப் பாருடா… ஆமா தம்பி. போனேன். பார்க்கலாமான்னு கேட்டது அவருதான். போன செப்டம்பர் சீட்டுல. உடனே பார்க்க எனக்குப் பயமா இருந்தது, ஆறு மாசம் தள்ளி நாள் சொன்னேன். நடையைப் பார்த்தே சொல்லிடுவேன்னு வீறாப்பு வேற.

— அவர் வரலையா?

— நாலு மணிக்கு நின்னவ, கடைசிப் படகு போற வரைக்கும் நின்னேன். முகம் தெரியாது, அதனால முகத்தை எதுக்குப் பார்க்கணும்? காலாப் பார்த்தேன். எங்க கம்பெனி ஷூ மூணு வந்தது. ஒண்ணு சின்னப் பொண்ணு, ஒண்ணு கப்பல்காரன், இன்னொண்ணு வலது கால் இழுக்கற ஆளு. ஏழாயிரத்து நானூத்தி நாப்பத்தொண்ணு வரவே இல்ல. அன்னைக்குப் பார்த்து துறை ஓரத்துல மஞ்சள் பெயிண்ட்ல கோடு போட்டிருந்தாங்க. காயல. புதுச் செருப்போட மிதிச்சுத் தொலைச்சேன். இதோ, குதிகால்ல இன்னும் போகல, பாருங்க.

— அக்கா… அவருக்கு உடம்பு முடியாம இருந்திருக்கும்.

— இருக்கலாம். அது எனக்குத் தெரியாதே. மனசு மாறிட்டாருன்னு நினைச்சேன். காலையில இந்த ஜோடி வந்தது. சீட்டைக் காணோம். ஒரு வரிகூட எழுதத் தோணலையான்னு ஒரு எரிச்சல். ஒன்பது வருஷத்துல முதல் தடவையா பிரிக்காம, படிக்காம கூடையில போட்டேன்.

— சீட்டு எழுத அவர் இல்ல. வீட்டுக்காரம்மாதானே போட்டாங்க.

— இப்போ தெரியுது… சரி, மூக்கை உறிஞ்சாதீங்க. எடுத்துக்குங்க. உங்க காலுக்கு வருமா? தகப்பன் செருப்பு மகனுக்குச் சேர்ந்தா அப்புறம் அதட்டக் கூடாதும்பாங்க.

— எனக்குப் பதினாறு வயசுலயே சேர்ந்துடுச்சுக்கா. அவர் அதட்டறதை நிறுத்தவே இல்ல.

— அக்கோவ்! மூணு ஆகப் பத்து நிமிஷம்! எடை போட்டியா?

— போடறேன்டா! தம்பி, எடைக்கு என்ன வெச்சிருக்கீங்க? வெறுங்கையோட வரலையே?

— இல்லக்கா, இருக்கு. இந்தப் பையில. வீட்டுக்காரம்மா புதுசா இருக்கேன்னு இதை மட்டும் எடுத்து வெச்சிருந்தாங்க. அப்பாவோட அலமாரியில இருந்ததாம். ஆனா இது அவரோடது இல்ல. கறுப்புத் தோல், பளபளன்னு, கூர் மூக்கு. யாரோ வந்தவங்க விட்டுட்டுப் போனதா இருக்கும்.

— தோல் அரவைக்கு ஆகாது. ஆனா தனிக்கூடை இருக்கு, எடையில சேர்ந்துடும். கொடுங்க… நல்லா தையல் போட்ட ஷூ. கூசாம விலை சொல்லியிருப்பான். அடியைப் பார்ப்போம்.

— புதுசுதானேக்கா?

— ஒரே ஒரு தடவை போட்டிருக்கு. ரொம்பக் கடிச்சிருக்கு. பாருங்க, காலை உள்பக்கமா ஒடுக்கி ஒடுக்கி வெச்சிருக்காரு. சொந்த நடையே மறந்துபோயிருக்கும்… இருங்க. அந்த நைஞ்ச ஜோடியை இப்படி வையுங்க. இடது பெருவிரல் பள்ளம். இங்கேயும் இருக்கா? இருக்கு. சுண்டுவிரல் பக்கம் சாய்மானம்… தம்பி, இது வந்தவங்களோடது இல்ல. இது உங்க அப்பா கால்.

— இல்ல, அவர் இந்த மாதிரி ஷூ… ஐயோ.

— என்ன?

— கறுப்பா, பழுப்பான்னு கேட்டாருக்கா.

— யாரு?

— அப்பா. கடையிலேருந்து போன் பண்ணினாரு. ரொம்ப நாள் கழிச்சு அவரா கூப்பிட்டாரு. ‘கறுப்பு நல்லாயிருக்குமாடா, பழுப்பு நல்லாயிருக்குமா?’ன்னாரு. நான் நாலு பேரோட உட்கார்ந்திருந்தேன். ‘ஏதோ ஒண்ணை வாங்குங்கப்பா’ன்னு வெச்சுட்டேன். எதுக்குன்னு கேட்கல. திரும்பக் கூப்பிடவும் இல்ல. அதுதான் கடைசி.

— எப்போ இது?

— ஏப்ரல் ஆரம்பம். சனிக்கிழமை. லீவு நாள்லகூட வேலையான்னு அவர் சிரிச்சது ஞாபகம் இருக்கு.

— சனிக்கிழமை.

— ஆமாக்கா. ஏன்?

— அந்த விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. குதிகாலுக்கு… ம். இன்னும் கொஞ்சம்.

— அது என்னக்கா அடியில? துரு மாதிரி இருக்கே.

— துரு இல்ல.

— மஞ்சளா இருக்கு… அக்கா, ஏன் குனிஞ்சு உங்க செருப்புக் குதிகாலைப் பார்க்கறீங்க?

— அந்த ஈரக் கோட்டுல ஏறி நின்னு, திரும்பி, நாலடி போய், திரும்பவும் இதே இடத்துக்கே… எத்தனை தடவை நடந்திருக்காரு பாருங்க. கோடு கோடா.

— தண்ணி கொண்டு வரட்டுமாக்கா?

— வேண்டாம். தம்பி, இதை நான் வெச்சுக்கட்டுமா?

— வெச்சுக்குங்க. ஆனா எடைக்கு?

— எடைக்கு ஆள் இருக்கு. நீங்க அந்த ஜோடியைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. காகிதத்தை மறுபடியும் தகட்டுக்குக் கீழேயே வெச்சுட்டேன். எடுத்துடாதீங்க. சத்தம் கேட்கட்டும்.

— கேட்குதுக்கா. இதோ… கீச்சுங்குது.

— ம். எனக்கும் கேட்குது. இப்போதான் முதல் தடவையா கேட்கறேன். நடங்க, நடங்க. நின்னு திரும்பிப் பார்க்காதீங்க, பஸ் போயிடும்.

— அக்கோவ்! கூடை வந்துச்சு… இதென்ன மேலே? சொந்தச் செருப்பையா கழட்டிப் போட்டிருக்க? அந்தப் புதுச் செருப்பையா?

— எடைக்குடா.

— முந்நூறு கிராம்கூட வராது! சிவப்பு விளக்கு எரியும்!

— எரியட்டும். ஒரு நாளைக்கு எரியட்டும்.

— வெறுங்கால்ல வீட்டுக்கு எப்படிப் போவ? எல்லாம் யாருக்காக? அந்த வராத ஆளுக்காகவா?

— வந்திருக்காருடா. நான்தான் பார்க்கல.